சரளைப் பாதைக்கு ஏற்ற டிராக்டர் கருவி எது?

பெங்களூருவின் எல்லையைத் தாண்டி ஆனேக்கல், ஹொஸகோட்டை, தேவனஹள்ளி, தொட்டபள்ளாபுரம் எனப் பக்கத்து வட்டங்களுக்குள் செல்வோர் ஒன்றைக் கண்டிருப்பர். தார்ச்சாலை ஓரிடத்தில் முடிந்துவிடும். அங்கிருந்து தோட்டத்திற்கோ, கோழிப்பண்ணைக்கோ, பட்டுப்புழு வளர்ப்பு மனைக்கோ செல்லும் கடைசி அரை கிலோமீட்டர் சரளைப் பாதையாகவே இருக்கும். அதிகாலைப் பால் வண்டியும், பள்ளிக்கூட வேனும், கோலார் சந்தைக்குச் செல்லும் தக்காளி வண்டியும், ராமநகரச் சந்தைக்குச் செல்லும் பட்டுக்கூடுகளும் அந்தப் பாதையைக் கடந்தே போகவேண்டும். செப்டம்பர், அக்டோபர் மழையில் அது சேறாகிறது. பிப்ரவரி, மார்ச்சில் ஓட்டுக்கூரை போல் வரிவரியாகி வண்டியை உலுக்குகிறது. குலுங்கிக் குலுங்கி நசுங்கிய தக்காளிக்குச் சந்தையில் என்ன விலை கிடைக்கும் என்பது பயிரிட்டவருக்குத் தெரியும்.

இத்தகைய பாதை வைத்திருப்போர் பலரிடம் டிராக்டரும் இருக்கிறது. ஆகவே, “பாதையைச் சமன்செய்ய ஒரு கருவி வாங்கினால் என்ன?” என்ற எண்ணம் இயல்பாகவே எழுகிறது. ஆனால் கடைக்குச் சென்றால் டெரசர் பிளேடு, பாக்ஸ் பிளேடு, லேண்ட் லெவலர், லேசர் லெவலர் என்று பெயர்கள் குழப்புகின்றன. தவறான கருவியை வாங்கினால், போட்ட பணம் துருப்பிடித்துக் கொட்டகையில் கிடக்கும். பாதையும் முன்னைவிடக் கெட்டுப்போகக்கூடும். எந்த வேலைக்கு எந்தக் கருவி, அதைச் சொந்தமாக வாங்குவது தகுமா என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

முதலில் பாதையைப் பார்ப்போம்

கருவியைப் பற்றிப் பேசுமுன் சரளைப் பாதையின் இலக்கணத்தை அறிந்துகொள்வது நல்லது. நல்ல சரளைப் பாதை வயலைப் போலத் தட்டையாக இருப்பதில்லை. நடுப்பகுதி உயர்ந்து, இருபுறமும் சரிந்து, ஓரத்தில் கால்வாயோடு முடியவேண்டும். இந்திய நாட்டுப்புறச் சாலைகளுக்கான இந்தியச் சாலைப் பேராயத்தின் வழிகாட்டி, சரளைச் சாலைக்கு மழை குறைந்த பகுதிகளில் 3.5 விழுக்காடும், மிகுந்த பகுதிகளில் 4 விழுக்காடும் குறுக்குச் சரிவு வேண்டும் என்கிறது. பெங்களூருவின் ஆண்டு மழை ஏறத்தாழ 1,000 மில்லிமீட்டர். இந்த இரண்டுக்கும் எல்லைக்கோட்டில் நிற்கிறது. ஆகவே 4 விழுக்காட்டை இலக்காகக் கொள்வது பாதுகாப்பானது.

இதைக் கணக்காகச் சொன்னால் எளிதில் விளங்கும். 3 மீட்டர் அகலப் பாதையில் நடுக்கோட்டிலிருந்து ஓரம்வரை 1.5 மீட்டர். அதில் 4 விழுக்காடு என்பது 6 சென்டிமீட்டர். அதாவது, பாதையின் நடு ஓரத்தைவிட நான்கு விரற்கடைக்குச் சற்றுக் குறைவாக உயர்ந்திருந்தால் போதும். இந்த 6 சென்டிமீட்டர் இல்லையென்றால் மழைநீர் பாதையின் மேலேயே தேங்கும். தேங்கிய இடத்தில் சக்கரம் ஏறியிறங்கக் குழி பிறக்கும். பாதையோரத்தில் புல் வளர்ந்து மேடாகிவிட்டாலும் இதே கதைதான். நீர் வெளியேற வழியின்றி சக்கரத் தடங்களிலேயே ஓடி, சரளையை அரித்துச் செல்லும்.

அடுத்தது, சரளையின் கலவை. கற்கள், மணல், பிடிப்புத் தரும் நுண்மண் ஆகிய மூன்றும் தக்க அளவில் கலந்தால்தான் மேற்பரப்பு இறுகும். மேற்பரப்புக் கற்கள் 20 முதல் 25 மில்லிமீட்டருக்கு மேற்படாமல் இருப்பது நல்லது. பெங்களூருவைச் சுற்றியுள்ள கருங்கல் கிரஷர்களிலிருந்து வரும் சுத்தமான ஜல்லியை மட்டும் கொட்டிப் பரப்பினால், எவ்வளவு உயர்ந்த கருவியைக் கொண்டு இழுத்தாலும் அது இறுகாது. சக்கரத்தின் அடியில் உருண்டு ஓரத்திற்குப் போய்விடும். அதற்குப் பிடிப்பாகக் கிரஷர் தூளும் செம்மண்ணும் வேண்டும். செம்மண் மிகுந்தாலோ மழையில் வழுக்கும். பாதையின் கோளாறு கலவையில் இருந்தால், கருவிக்குச் செலவிடும் பணத்தை முதலில் மண்ணுக்குச் செலவிடுவதே முறை.

வரிவரியான மேடுகள் எப்படிப் பிறக்கின்றன?

மூன்றாவது தொல்லை, குறுக்கே வரிவரியாக எழும் மேடுகள். வண்டியின் ஸ்பிரிங்தான் இதற்குக் காரணம் என்று நெடுங்காலம் எண்ணப்பட்டது. பிரான்ஸ், இங்கிலாந்து, கனடா நாட்டு ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட சோதனை வேறொன்றைக் காட்டியது. ஸ்பிரிங் இல்லாத வெறும் சக்கரத்தை மணற்பரப்பின் மீது வட்டமாக உருட்டினாலும், வேகம் ஒரு குறிப்பிட்ட எல்லையைத் தாண்டியதும் மேடுகள் தாமாகவே எழுந்தன. பாதை காய்ந்திருப்பதும், பிடிப்பு மண் குறைந்திருப்பதும், வாயிலருகிலும் வளைவிலும் வண்டிகள் பிரேக் பிடிப்பதும் திடீரென வேகமெடுப்பதும் இதனை விரைவுபடுத்துகின்றன.

இதிலிருந்து கருவியைத் தேர்ந்தெடுக்கும் நமக்கு ஒரு பாடம் கிடைக்கிறது. மேட்டின் தலையைச் சீவி பள்ளத்தை நிரப்பினால் பாதை அன்று அழகாகத் தோன்றும். சில நாட்களில் அதே வரிகள் அதே இடத்தில் திரும்பிவிடும். ஏனெனில் பள்ளத்தில் விழுந்த தளர்ந்த மண் அடியிலுள்ள இறுகிய தரையோடு சேர்வதில்லை. வரிகளின் அடிவரை, குழியின் அடிவரை கீறிக் கலைத்து, ஈரத்தோடு மீண்டும் பரப்பி இறுக்கினால்தான் அது நிலைக்கும். எனவே கருவிக்குக் கீறும் பற்கள் உண்டா என்பது முதன்மையான கேள்வியாகிறது.

கருவிகளும் அவற்றின் குணங்களும்

டெரசர் பிளேடு: டிராக்டரின் பின்னால் மாட்டப்படும் நீண்ட வளைந்த இரும்புத் தட்டு. நம் நாட்டில் எளிதில் கிடைப்பது. விலையும் ஒப்பளவில் குறைவு. இதனைப் பக்கவாட்டில் கோணமாகத் திருப்பலாம். ஒரு முனையைத் தாழ்த்தலாம். ஓரத்திற்குச் சென்ற சரளையை நடுவுக்குக் கொண்டுவரவும், நடு உயர்வை அமைக்கவும், ஓரக் கால்வாயைத் திறக்கவும், புல்மேட்டை அகற்றவும் இதற்கு இணையான எளிய கருவி வேறில்லை. 30 முதல் 45 பாகைவரை கோணத்தில் வைத்து இழுப்பது வழக்கம்.

இதன் குறை என்னவெனில், கையாளுபவரின் திறமையை மிகவும் நம்பியிருப்பது. டிராக்டரின் முன்சக்கரம் ஒரு மேட்டில் ஏறும்போது, பின்னச்சை மையமாகக் கொண்டு பின்னாலுள்ள பிளேடு கீழே அமுங்கித் தோண்டும். முன்சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது பிளேடு எழும்பிவிடும். இவ்வாறு பழைய மேடுபள்ளத்திலிருந்து புதிய மேடுபள்ளம் பிறக்கிறது. பின்புறம் ஆழம் காக்கும் சக்கரம் பொருத்திய பிளேடு கிடைத்தால் இத்தொல்லை பெரிதும் குறையும்.

பாக்ஸ் பிளேடு: மூன்று பக்கம் அடைத்த பெட்டி போன்ற அமைப்பு. முன்னே கீறும் பற்களும், பின்னே வெட்டும் விளிம்பும் கொண்டது. வரிவரியான மேடுகளையும் குழிகளையும் கலைக்கவும், மேட்டிலிருந்து மண்ணை எடுத்துப் பெட்டிக்குள் சுமந்து சென்று பள்ளத்தில் இடவும் ஏற்றது. டிராக்டரின் மேல் இணைப்புத் தண்டைக் குறுக்கினால் கருவி முன்பக்கம் சாய்ந்து பற்கள் ஆழமாகக் கீறும். நீட்டினால் பின்விளிம்பு தரையைத் தடவி மென்மையாக்கும். இந்த ஒரு திருகைக் கற்றுக்கொண்டவர் பாதி வேலையைக் கற்றவராவார். பெட்டியைக் கோணமாகத் திருப்ப இயலாது என்பதால் மண்ணைப் பக்கவாட்டில் நகர்த்தவும் கால்வாய் திறக்கவும் இது உதவாது.

சறுக்குச் சட்டமுள்ள சமன் கருவி: இருபுறமும் நீண்ட சறுக்குச் சட்டங்கள், அவற்றுக்கிடையே ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு பிளேடுகள். அமெரிக்கப் பண்ணைகளில் சரளைப் பாதைக்கென்றே பரவலாகப் பயன்படுவது. சட்டங்கள் மேடுகளின் மீது தவழ்ந்து செல்வதால், டிராக்டர் ஆடினாலும் பிளேடு ஆடுவதில்லை. மேட்டை மட்டும் சீவி, பள்ளத்தில் இட்டுச் செல்கிறது. புதியவர் ஓட்டினாலும் பாதை கெடாது. ஏற்கெனவே நல்ல வடிவில் உள்ள பாதையை அவ்வப்போது பராமரிக்க இதுவே சிறந்தது. இழந்த வடிவத்தை மீட்கவோ, மண்ணைத் தொலைவுக்குக் கொண்டுசெல்லவோ இது போதாது. நம் ஊர்க் கடைகளில் இது அரிது. பீன்யா போன்ற தொழிற்பேட்டைகளில் உள்ள பட்டறைகளில் தக்க வரைபடம் கொடுத்துச் செய்வித்துக்கொள்ளலாம். கீறும் பற்களையும் சேர்த்துச் செய்யச் சொல்வது நல்லது.

லேண்ட் லெவலரும் லேசர் லெவலரும்: இவை வயலுக்குரியவை. தளர்ந்த உழவு மண்ணை நீர் பாய்ச்சுவதற்கேற்பச் சமன்செய்வதே இவற்றின் நோக்கம். கற்கள் இறுகிய பாதையில் இவை கீறமாட்டா; கீறினாலும் பாதையைத் தட்டையாக்கிவிடும். தட்டையான பாதை மழைக்குத் தாங்காது என்பதை மேலே கண்டோம். வயலுக்கென வாங்கியதைப் பாதைக்கும் பயன்படுத்தலாம் என்ற எண்ணம் இங்கேதான் ஏமாற்றுகிறது. ரோட்டவேட்டரைச் சரளையில் இறக்குவதோ அதன் கத்திகளுக்கே கேடு.

இழுவைப் பலகை: உழுத வயலில் மாடு பூட்டிப் பரம்படித்ததை நம் முன்னோர் வழியே அறிவோம். அதே கருத்தில் அமெரிக்காவின் மிசூரி மாநில உழவரான டி. வார்ட் கிங், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், மரத்தை இரண்டாகப் பிளந்து செய்த இழுவையால் மண்சாலையைச் சீராக்கிக் காட்டினார்; அவர் பெயராலேயே அக்கருவி நாடெங்கும் பரவியது. மழைக்குப் பின் ஈரம் உலருமுன் இழுப்பதே அதன் இரகசியம். இன்றும் பழைய இரும்புச் சட்டம் இரண்டைச் சங்கிலியால் பிணைத்து இழுத்தால், சிறு வரிகளைத் தொடக்கத்திலேயே தணிக்கலாம். செலவு மிகக் குறைவு. ஆனால் முற்றிய குழிகளுக்கு இது மருந்தாகாது.

நம் டிராக்டருக்குப் பொருந்துமா?

மும்முனை இணைப்பு என்பது ஹாரி ஃபெர்குசன் 1920களில் வளர்த்தெடுத்த அமைப்பு. இன்று அதற்குத் தர அளவுகள் உண்டு. முதல் வகையில் கீழ் முளைகளின் தடிமன் ஏறத்தாழ 22 மில்லிமீட்டர், மேல் முளை 19 மில்லிமீட்டர். இரண்டாம் வகையில் கீழ் முளை 28 மில்லிமீட்டருக்குச் சற்று மேல், மேல் முளை 25 மில்லிமீட்டர். டிராக்டரும் கருவியும் ஒரே வகையைச் சேர்ந்தனவா என்று விலை பேசுமுன் அளந்து பார்த்துவிடுவது நலம்.

அடுத்து அகலம். கோணமாகத் திருப்பிய நிலையிலும் பிளேடு பின்சக்கரங்களின் தடத்தை முழுதும் மூடவேண்டும். இல்லையேல் இழுத்த இடத்தின் மீதே சக்கரத் தடம் பதியும். 7 அடி பிளேடை 30 பாகை திருப்பினால் அது மூடும் அகலம் ஏறத்தாழ 6 அடி. 8 அடி பிளேடானால் ஏறத்தாழ 7 அடி. 45 பாகையில் 8 அடி பிளேடும் 5 அடி 8 அங்குலத்தையே மூடும். நம் டிராக்டரின் பின்சக்கரங்களின் வெளி அகலத்தை அளந்து இதனோடு ஒப்பிட்டால் எந்த அளவு வேண்டும் என்பது தெளிவாகும்.

எடையும் கவனிக்கத்தக்கது. இலேசான கருவி இறுகிய தரையின் மேல் துள்ளிக்கொண்டே போகும். கனமானதோ, தூக்கும்போது டிராக்டரின் முன்பக்கத்தை எழுப்பிவிடும். டிராக்டர் கையேட்டில் உள்ள தூக்கும் திறனைப் பார்த்து, தேவையானால் முன்பக்கம் எடைக்கற்கள் பொருத்தவேண்டும். பிளேடு துள்ளுகிறதென்று அதன் மேல் ஆளை நிற்கவைக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. இது உயிருக்கு உலைவைக்கும் பழக்கம். எடை வேண்டுமாயின் கல்லையோ இரும்பையோ அசையாமல் பிணைப்பதே முறை. நிறுத்தும்போது கருவியைத் தரையில் இறக்கிவைத்த பின்னரே இருக்கையை விட்டு இறங்கவேண்டும்.

எப்போது, எப்படி?

காய்ந்த பிப்ரவரி, மார்ச்சில் பாதையைக் கீறினால் பிடிப்பு மண் தூசியாகப் பறந்துவிடும். கோடை மழை பெய்து மண் பதமான ஏப்ரல், மே மாதங்களிலும், பெருமழை ஓய்ந்து ஈரம் இன்னும் இருக்கும் நவம்பர் தொடக்கத்திலும் வேலையை வைத்துக்கொள்வது ஏற்றது. ஒரு பிடி மண்ணை எடுத்து இறுக்கினால் உருண்டையாக நிற்கவேண்டும்; நீர் கசியக்கூடாது. அதுவே பதம். மழை வராத ஆண்டில் தண்ணீர் டேங்கர் துணைசெய்யும்.

முதலில் ஓரப் புல்மேட்டை அகற்றிக் கால்வாயைத் திறப்பது. பின்னர் வரிகளின் அடிவரை கீறுவது. அதன்பின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சரளையைக் கொண்டுவந்து பரப்புவது. இறுதியில் ரோலர் கொண்டு இறுக்குவது என்பதே வரிசை. வலப்பக்கத் தூக்குத் தண்டின் திருகைக் கொண்டு பிளேடின் ஒரு முனையைத் தாழ்த்தி, பாதையின் ஒவ்வொரு பாதியையும் தனித்தனியே இழுத்தால் நடு உயர்வு தானே அமையும். வேகம் மணிக்கு 5 முதல் 8 கிலோமீட்டருக்கு மேற்படக்கூடாது; விரைந்தால் பிளேடு துள்ளி, அது விட்டுச்செல்வதும் வரிகளே.

இழப்பின் கணக்கு

பராமரிப்பைத் தள்ளிப்போடுவதால் இழப்பது எவ்வளவு? 500 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் உள்ள பாதையில் 2 சென்டிமீட்டர் சரளை கரைந்துபோனால் அது 30 கன மீட்டர். இறுகிய மண்ணுக்கு ஈடாகத் தளர்ந்த மண் கால் பங்கேனும் கூடுதலாக வேண்டும்; ஆகவே ஏறத்தாழ 38 கன மீட்டர். 100 கன அடி கொண்ட ஒரு யூனிட் என்பது 2.83 கன மீட்டர். அதாவது 13 யூனிட்டுக்கு மேல் வாங்கிக் கொட்டவேண்டும். தம் ஊரில் ஒரு யூனிட் கிராவலின் விலையை அறிந்த வாசகர், மீதிக் கணக்கைத் தாமே முடித்துக்கொள்ளலாம். ஓரத்தில் கிடக்கும் சரளையை நடுவுக்கு மீட்பது எத்துணைச் சிக்கனம் என்பது அப்போது புலப்படும்.

வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா?

இங்கே ஓர் எடுத்துக்காட்டு. இதிலுள்ள தொகைகள் கணக்கிடும் முறையை விளக்குவதற்கே, சந்தை விலையைக் குறிப்பன அல்ல. ஒரு கருவியின் விலை 80,000 ரூபாய். 8 ஆண்டு உழைத்தபின் 16,000 ரூபாய்க்கு விற்கலாம் என்று கொள்வோம். தேய்மானம் ஆண்டுக்கு 8,000 ரூபாய். சராசரி முதலீடான 48,000 ரூபாய்க்கு 10 விழுக்காடு வட்டி 4,800 ரூபாய். வெட்டு விளிம்பு, பற்கள், பெயின்ட் முதலிய பராமரிப்பு 3,200 ரூபாய். ஆக ஆண்டுச் செலவு 16,000 ரூபாய். கருவியை மட்டும் மணிக்கு 800 ரூபாய்க்கு வாடகைக்கு எடுக்க முடியுமானால், ஆண்டுக்கு 20 மணி நேரத்திற்கு மேல் வேலையிருந்தால்தான் சொந்தமாக வாங்குவது ஆதாயம்.

அரை கிலோமீட்டர் பாதையை ஆண்டுக்கு மூன்று முறை, முறைக்கு 4 மணி நேரம் சீராக்கினால் 12 மணி நேரமே ஆகும். ஒரு குடும்பத்திற்கு அது வாடகைக் கணக்கு. அதே வழியில் உள்ள மூன்று தோட்டக்காரர்கள் கூடி வாங்கினால் 36 மணி நேரம். அப்போது சொந்தக் கருவி பயன்தரும். கூட்டாக வாங்குவோர் யார் பெயரில் பில், எங்கே நிறுத்துவது, பழுதுக்கு யார் பொறுப்பு என்பனவற்றை ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிட்டுக்கொண்டால் அக்கம்பக்க உறவும் கெடாது.

கர்நாடகத்தில் வேளாண் கருவிகளை வாடகைக்குத் தரும் கிருஷி யந்திரதாரே மையங்கள் இயங்குகின்றன. 2014–15இல் தொடங்கிய மத்திய அரசின் வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கத்தின் கீழ் மானியமும் வழங்கப்படுகிறது. நாம் விரும்பும் கருவி அந்தப் பட்டியலில் உள்ளதா என்பதைத் தம் ஹோப்ளியிலுள்ள ரைத்த சம்பர்க்க கேந்திரத்தில் கேட்டறிந்த பின்னரே முன்பணம் கொடுப்பது விவேகம். வாங்கிய பிறகு மானியம் கேட்பது பெரும்பாலும் கைகூடாது.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். வேளாண் பயன்பாட்டிற்கெனப் பதிவான டிராக்டரைப் பிறருடைய பாதை வேலைக்குக் கூலிக்கு அனுப்ப எண்ணுவோர், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் முன்கூட்டியே கேட்டுத் தெளிவது நல்லது. விபத்து நேர்ந்த பின் காப்பீட்டு நிபந்தனையைப் படிப்பதில் பயனில்லை. பாதை கிராம பஞ்சாயத்துக்கு உரியதாயின் அதன் இசைவைப் பெறாமல் கால்வாய் தோண்டக்கூடாது.

முடிவாக, தேர்வைச் சுருக்கிச் சொல்லலாம். வடிவம் இழந்து கால்வாய் மூடிய பாதைக்கு டெரசர் பிளேடு. வரிகளும் குழிகளும் மலிந்த பாதைக்குப் பற்களுள்ள பாக்ஸ் பிளேடு. நல்ல நிலையில் உள்ளதைக் காக்கச் சறுக்குச் சட்டக் கருவி, அல்லது இழுவைப் பலகை. ஒரே ஒரு கருவிதான் வாங்க இயலும் என்போர், ஆழம் காக்கும் சக்கரம் உள்ள டெரசர் பிளேடை வாங்கி, கீறும் வேலைக்கு மட்டும் பாக்ஸ் பிளேடை வாடகைக்கு எடுக்கலாம்.

அடுத்த மழை நின்றவுடன் ஒரு முறை பாதையில் நடந்து பாருங்கள். நீர் எங்கே நிற்கிறது, சரளை எங்கே ஒதுங்கியிருக்கிறது, வரிகள் எங்கே தொடங்குகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். பாதையின் நீள அகலம், டிராக்டரின் குதிரைத்திறன், இரண்டு கடைகளின் விலைப்புள்ளி ஆகியவற்றோடு அந்தக் குறிப்பையும் எடுத்துக்கொண்டு உங்கள் கிளைக்கு வாருங்கள். கடன் வாங்குவதா, வேண்டாமா என்ற பேச்சை அந்தத் தாளிலிருந்தே நாம் தொடங்கலாம்.